நேட்டிவ் டான்ஸர்: கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

1975-ல் வெளியான ‘நேட்டிவ் டான்ஸர்’ என்ற ஜாஸ் ஃபியூஷன் ஆல்பத்தை இதுவரை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்திப் பதில் சொன்னால் பாட்டு கெட்டுப்போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

இது யாரோட ஆல்பம்? அட்டையில ரெண்டு பேர் இருக்கே?

சட்டப்படி வெயின் ஷார்ட்டருடையது. அமெரிக்காவின் நூவர்க் நகரில் 1933-ல் பிறந்த சாக்ஸபோன் கலைஞர். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் 1964 முதல் வாசித்தவர், அப்புறம் ஜோ ஸாவினுலுடன் சேர்ந்து ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவைத் தொடங்கியவர். 2023 மார்ச்சில் காலமானார். கொலம்பியா நிறுவனத்துக்காகத் தன் பெயரில் அவர் செய்த முதல் ஆல்பம் இது.

இரண்டாவது பெயர் மில்ட்டன் நாஸிமென்ட்டு. பிரேசில் நாட்டுப் பாடகர், பாட்டுக்கு மெட்டமைப்பவர், கிட்டார் வாசிப்பவர். அட்டையில் விருந்தாளி போலத்தான் அவர் பெயர் இருக்கும். ஆனால் இருக்கும் 9 உருப்படிகளில் 5 அவருடையவை, 3 ஷார்ட்டருடையவை, 1 பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கினுடையது. விருந்தாளிக்கே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்ட கதை. இதைப் பற்றிக் கீழே இன்னும் வரும்.

அந்தப் பிரேசில்காரர் பேரை எப்படிச் சொல்றது?

நான் எழுதியிருக்கிற மாதிரி சொன்னால் போதும். பிரேசிலில் அசையின் கடைசியில் வரும் ‘ல்’ பெரும்பாலும் ‘உ’ ஆகிவிடும். அங்கே கேட்டால் ‘மியுட்டன்’ என்பது போலக் காதில் விழும். ‘டி’ என்று நாம் படிப்பதை ‘ஜி’ என்பார்கள். அதனால் முதல் பாட்டின் பெயர் ‘போன்ட்டா ஜி அரேயா’.

பாடுறது ஆணா, பெண்ணா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். ஆண்தான். ஆல்பம் திறந்தவுடன் கேட்கும் அந்த மேல்குரல் மில்ட்டனின் கள்ளக்குரல். நம் ஊரில் கள்ளக்குரல் என்றாலே சற்று இளப்பம்: மேல்ஸ்தாயி எட்டாதவர் செய்யும் தந்திரம் என்ற நினைப்பு. மில்ட்டனுக்கு அது தந்திரம் இல்லை. அடிக்குரலிலிருந்து மேலே போகும்போது எந்த இடத்தில் மாறினார் என்று தையல் தெரியாது. மேலே போனபின்னும் குரல் மெலியாது, வயிற்றிலிருந்து வரும் கனம் அப்படியே இருக்கும்.

சிறுவனாக இருந்தபோது பெண் பாடகிகளைக் கேட்டுத்தான் பாடக் கற்றதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குரல் உடைந்தபோது அழுதாராம். அப்புறம் ரே சார்ல்ஸைக் கேட்டு, ஆண் குரலிலும் இப்படிப் பாட முடியும் என்று சமாதானமானாராம். அந்தச் சிறுவன் இழந்த குரலை வளர்ந்தவர் தேடி எடுத்து வைத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றும்.

என்ன மொழி? ஸ்பானிஷா?

போர்ச்சுகீசியம். தென் அமெரிக்காவில் பெரும்பாலான நாடுகளில் ஸ்பானிஷ்தான், பிரேசில் மட்டும் போர்ச்சுகலின் காலனியாக இருந்தது. பிரேசில்காரரிடம் ஸ்பானிஷா என்று கேட்டு நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்களும் செய்ய வேண்டாம். ஆனால் ஆல்பத்தின் பல இடங்களில் எந்த மொழியுமே இல்லை. அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

ஜாஸ் ஃபியூஷன்னா என்ன? எல்லாத்தையும் கலந்து அடிக்கிறதா?

1960களின் கடைசியில் ஜாஸ்காரர்கள் சிலர் எலக்ட்ரிக் பியானோ, எலக்ட்ரிக் கிட்டார், ராக், ஃபங்க் தாளங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வந்த பெயர் அது. மைல்ஸ் டேவிஸின் 1970 ஆல்பம் ‘பிட்சஸ் ப்ரூ’ அதன் பெரிய கதவு. அதில் ஷார்ட்டரும் உண்டு, பிரேசிலின் தாளக் கலைஞர் ஆயிர்ட்டோ மொரேய்ராவும் அந்தப் பதிவுகளைத் தொட்ட மாதங்களிலேயே மைல்ஸ் குழுவுக்கு வந்துவிட்டார்.

1974 வாக்கில் ஃபியூஷன் என்றால் வேகம், சத்தம், விரல் வித்தை என்று ஆகியிருந்தது. யார் அதிக ஸ்வரம் வாசிப்பது என்று போட்டி. ‘நேட்டிவ் டான்ஸர்’ அந்தக் கூட்டத்தில் பிறந்தும் அந்தப் போட்டிக்குப் போகாத பிள்ளை.

பிரேசில்னா போஸா நோவாதானே? இது அப்படி இல்லையே?

சரியாகப் பிடித்தீர்கள், அப்படி இல்லை. போஸா நோவா என்ற இசைவகை ரியோ டி ஜெனிரோவின் கடற்கரைப் பிள்ளை. 1958-ல் ஜோவாவ் ஜில்பெர்ட்டு காதோடு பேசுவது போலப் பாடி, கிட்டாரில் சாம்பாவின் தாளத்தைச் சுருக்கி வைத்தார். 1964-ல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் அவர் சேர்ந்த ஆல்பம் உலகம் முழுக்கப் போயிற்று. அதிலிருந்து அமெரிக்க ஜாஸுக்குப் பிரேசில் என்றால் கடல், வெயில், மெல்லிய குரல்.

மில்ட்டன் ரியோவில் 1942-ல் பிறந்தாலும் வளர்ந்தது உள்நாட்டில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ட்ரெஸ் போன்ட்டாஸ் என்ற சின்ன ஊரில். மினாஸுக்குக் கடலே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் தங்கமும் வைரமும் தோண்டிய மலைநாடு. ஊருக்கு ஊர் பழைய தேவாலயங்கள், ஊர்வலங்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கொட்டுகள். மில்ட்டனின் கார்டுகளில் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கோயில் ஆர்கனின் நிழல் இருக்கும், தீராமல் தொங்கும், அடுத்த கார்டு எங்கே போகும் என்று ஊகிக்க முடியாது. குரலும் காதோடு பேசாது, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடுவது போல வரும்.

இதோடு பீட்டில்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மினாஸின் தலைநகர் பெலோ ஒரிசோன்ட்டியில் ஒரு தெருமுனையில் கூடிய இளைஞர் கூட்டம் தங்களை ‘தெருமுனைச் சங்கம்’ என்று அழைத்துக்கொண்டது. போர்ச்சுகீசியத்தில் ‘க்ளூபி டா எஸ்கீனா’. அதே பெயரில் மில்ட்டனும் லோ போர்ஜஸும் 1972-ல் கொண்டுவந்த இரட்டை இசைத்தட்டு பிரேசில் இசையின் உச்சங்களில் ஒன்று. ஷார்ட்டர் தேடிப் போனது இந்தப் பிரேசிலைத்தான்.

ஷார்ட்டருக்கு இவரை எப்படித் தெரியும்?

ஷார்ட்டரின் மனைவி ஆனா மரியா போர்ச்சுகீசியர். மில்ட்டனின் பாட்டுகளை மொழி தெரிந்து கேட்டவர். இந்த ஆல்பத்துக்கு முதல் தூண்டுதல் அவர்தான் என்று சொன்னால் தப்பில்லை. ஆல்பத்தில் அவர் பெயரிலேயே ஓர் உருப்படி இருக்கிறது. சோப்ரானோ சாக்ஸபோனில் அவ்வளவு நிதானமாகச் சொல்லப்பட்ட காதலை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனா மரியா 1996-ல் நியூயார்க் அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அது தெரிந்தபின் அந்த உருப்படியைக் கேட்பது வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஹெர்பி ஹான்காக் வழி தனி. 1968-ல் தேனிலவுக்காக ரியோ போனவர் அங்கே மில்ட்டனைச் சந்தித்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் வெளியான மில்ட்டனின் ‘கரேஜ்’ ஆல்பத்தில் பியானோ வாசித்தார். ஆக 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவுக்குக் கூடியபோது முன்பின் தெரியாதவர்கள் கூடவில்லை.

முதல் பாட்டு குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கு, ஆனா தொண்டையை அடைக்குது. எதைப் பத்தினது?

ஒரு ரயில் பாதையைப் பற்றி. முன்னே சொன்னேனே, மினாஸுக்குக் கடல் இல்லை என்று. அந்த மாநிலத்தின் உள்பகுதியைப் பக்கத்து பையியா மாநிலத்தின் கடலோரத்தோடு இணைத்தது ‘பையியா–மினாஸ்’ ரயில். நம் பழைய பாதைகள் போலவே மீட்டர் கேஜ், ஏறக்குறைய 580 கிலோமீட்டர். கடலோரத்தில் அதன் முனைதான் ‘போன்ட்டா ஜி அரேயா’, மணல்முனை என்று பொருள். 1966-ல், ராணுவ ஆட்சிக் காலத்தில், பாதையை மூடினார்கள். மூடியதோடு விடாமல் தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். பாதையை நம்பியிருந்த ஊர்கள் அப்படியே காய்ந்துபோயின.

பாட்டு வரிகளை எழுதியவர் ஃபெர்னாந்து பிரான்ட், மில்ட்டனின் நெருங்கிய நண்பர். முதல் வரியிலேயே ஒரு சிலேடை: ஊர்ப்பெயரில் ‘போன்ட்டா’ என்றால் முனை, உடனே வரும் ‘போன்ட்டு ஃபினாவ்’ என்றால் முற்றுப்புள்ளி. ரயிலின் கடைசி இடமும் வாக்கியத்தின் முடிவும் ஒன்றாகிவிடுகிறது. பிறகு தொப்பி போட்ட ஒரு கிழ எஞ்சின் டிரைவர் தன்னைப் பார்க்க வந்த சந்தோஷமான ஜனங்களை நினைத்துக்கொள்கிறார். நீராவி எஞ்சின் இனிப் பாடாது. பிரேசிலில் நீராவி எஞ்சினுக்குச் செல்லப்பெயர் ‘மரியா ஃபுமாசா’, புகைக்கார மரியா. கடைசியில் வெறிச்சோடிய சதுக்கம், மறந்துபோன வீடுகள், வாசலில் விதவைகள். கோஷம் இல்லை, ‘அரசே’ என்று விளித்தல் இல்லை. ‘பெயர்க்கச் சொன்னார்கள்’ என்ற ஒரு வினைச்சொல்லில் அரசாங்கம் வந்துவிட்டுப் போகிறது. தணிக்கை இருந்த காலத்தில் எழுதுகிற கலை அது.

மெட்டு ஏன் குழந்தைப் பாட்டு போல இருக்கிறது என்றால், சின்னச் சின்ன அடியாக ஏறி அதேபோல் இறங்குவதால். ஒரு தடவை கேட்டால் வாய் முணுமுணுக்கும். பெரிய இழப்பைப் பெரிய மெட்டில் சொல்லியிருந்தால் நாம் தள்ளி நின்று மரியாதை செலுத்தியிருப்போம். இது நேரே மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பாட்டுக்குத் தொடையில தாளம் போட்டா தப்பிப் போகுதே, ஏன்?

நாலு நாலாகப் போட்டிருப்பீர்கள். மெட்டின் அடி ஒன்பது எண்ணிக்கையில் முடிகிறது. எட்டில் முடியும் என்று காது நினைக்கும்போது ஒன்று கூட வருகிறது. ஒன்பது என்றதும் சங்கீர்ணம் என்று சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே அந்தக் கணக்குப் பெருமை ஏதும் இல்லை, மில்ட்டன் மூச்சு விடும் அளவு அது, அவ்வளவுதான். எண்ணாமல் கேட்டால் தடுக்காது, எண்ணினால்தான் தடுக்கும்.

சில இடத்துல வார்த்தையே இல்லாம பாடறாரே, வரிகள் எழுதலையா?

இதற்கு 1973-க்குப் போக வேண்டும். பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டத்துக்குப் பிறகு தணிக்கை கடுமையாயிற்று. பாட்டு வரிகளை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். மில்ட்டனின் 1973 ஆல்பம் ‘மிலாக்ரி டுஸ் பெய்ஷிஸ்’, அதாவது ‘மீன்களின் அற்புதம்’. அதில் சில பாட்டுகளின் வரிகளை அப்படியே தடுத்துவிட்டார்கள்.

வேறு வரிகளை எழுதி நிரப்பியிருக்கலாம். மில்ட்டன் அதைச் செய்யவில்லை. வரிகள் போன இடத்தை வெற்றிடமாகவே வைத்து, அதில் குரலை மட்டும் வைத்துப் பாடினார்: கூவல், விம்மல், முனகல், கள்ளக்குரலின் உச்சி. தணிக்கை அதிகாரி எதை வெட்டுவார்? அந்த ஆல்பத்தைக் கேட்ட பிரேசில் மக்களுக்கு வார்த்தை இல்லாததே ஒரு வார்த்தையாயிற்று. அதன் தலைப்புப் பாட்டு வரிகளோடு தப்பியது, அதே பாட்டுதான் ‘நேட்டிவ் டான்ஸரில்’ நான்காவதாக வருகிறது.

அப்ப வார்த்தை இல்லாம பாடினதுக்கு எல்லாம் தணிக்கைதான் காரணமா?

இல்லை. கதை நன்றாக இருப்பதால் எல்லோரும் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள், நானும் சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘லீலியா’ என்ற உருப்படியைப் பாருங்கள். இந்த ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடும், இருப்பதிலேயே நீளம், ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அது முதலில் வந்தது 1972-ன் ‘தெருமுனைச் சங்கம்’ இசைத்தட்டில். அங்கேயும் சொல் கிடையாது. அதாவது ‘மீன்களின் அற்புதம்’ தணிக்கைக்குப் போவதற்கு முன்பே.

லீலியா மில்ட்டனின் வளர்ப்புத் தாய். பெற்ற தாய் வீட்டுவேலை செய்து பிழைத்தவர், மில்ட்டன் சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். கருப்பினக் குழந்தையான அவரை லீலியாவும் அவர் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். லீலியா இசை படித்தவர். வளர்த்த தாய்க்குப் பாட்டுப் போடும்போது வார்த்தை தேவையில்லை என்று மகனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆக, வழி முன்பே இருந்தது. தணிக்கை செய்தது, அந்த வழியில் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தியதுதான்.

நம்ம ஆலாபனை மாதிரின்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ரொம்ப நேரம் சொல்ல முடியாது. ஆலாபனையில் ராகம் என்கிற வீட்டைப் பாடகர் அறை அறையாகத் திறந்து காட்டுகிறார். மில்ட்டன் பாடுவது முன்பே கட்டிய மெட்டு. கீழே கார்டுகள் மாற மாற, ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதன் நிறம் மாறுகிறது. நமக்குப் பழக்கமில்லாத சுகம் இதுதான்: குரல் நகராமல் நிற்கிறது, தரை நகர்கிறது. ‘டார்ஜி’ என்ற மூன்றாவது பாட்டில் இதைக் கவனியுங்கள். பெயரின் பொருள் ‘பிற்பகல்’.

ஷார்ட்டர் பேர்ல ஆல்பம், ஆனா சாக்ஸபோன் கொஞ்சந்தானே வருது? ஏமாத்து வேலையா?

அன்று ஜாஸ் ரசிகர்கள் சிலருக்கும் இதே மனத்தாங்கல் இருந்தது. அப்போது உலகின் மிகச் சிறந்த சாக்ஸபோன்காரர்களில் ஒருவர், தன் பெயரில் நான்கு வருஷத்துக்குப் பிறகு பதிவு செய்கிறார். ஆல்பம் தொடங்குவதோ இன்னொருவர் குரலில்.

என் பதில்: அவர் குறைவாக வாசிக்கவில்லை, குரல் விட்ட இடத்தில் வாசிக்கிறார். அதற்கு முன் வந்த பிரேசில்–அமெரிக்கக் கூட்டு முயற்சிகளில் வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. பாடகர் ஒரு சுற்றுப் பாடுவார், ஒதுங்குவார், அமெரிக்கர் சாக்ஸபோனில் தன் கச்சேரியை நடத்துவார், பாடகர் திரும்ப வந்து முடிப்பார். இதில் அந்த வரிசை கலைந்துவிட்டது. மேலே சொன்னபடி மில்ட்டனின் குரலுக்குச் சொல் வேண்டியதில்லை, அதனால் அது ஒரு வாத்தியம் போல எங்கும் நுழைகிறது. ஷார்ட்டரின் சோப்ரானோ சாக்ஸபோனோ எப்போதும் பேச்சுப் போலத்தான் வாசிக்கும்: அரை வாக்கியம், ஒரு நிறுத்தம், திடீரென்று ஒரு வியப்புக்குறி. பாடகர் வாத்தியமாகிறார், வாத்தியக்காரர் பேசுகிறார். சில இடங்களில் ஒரு நொடி எது குரல், எது சாக்ஸபோன் என்று எனக்கே தடுமாறும். இந்த ஆல்பத்துக்கு இசை வரலாற்றில் இடம் இருக்கிறது என்றால் அது இந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் என்பேன்.

இன்னொன்று: பெரிய கலைஞர் தன் ஆல்பத்தில் பின்னால் போய் நிற்பது சும்மா வராது. இதற்குப் பிறகு 1985-ல் ‘அட்லாண்டிஸ்’ வரும்வரை, பத்து வருஷம், தன் பெயரில் அவர் வேறு ஆல்பமே போடவில்லை.

மத்தவங்க யாரெல்லாம் வாசிச்சிருக்காங்க?

ஹான்காக் பியானோ. வாக்னர் டிஸோ ஆர்கனும் பியானோவும், மில்ட்டனின் ட்ரெஸ் போன்ட்டாஸ் காலத்து நண்பர். அந்தக் கோயில் நெடி அவர் விரலிலிருந்து வருவது. ரொபெர்ட்டு சில்வா டிரம்ஸ், இவரும் மில்ட்டனின் ஆள். கிட்டாரில் டேவிட் அமாரோ, ஜே க்ரேடன். பாஸ் கிட்டார் டேவ் மெக்டேனியல். தயாரிப்பு ஜிம் ப்ரைஸ். இவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு டிரம்பெட் வாசித்தவர் என்பது யாரும் எதிர்பாராத தகவல்.

கொட்டு வகைகள் முழுக்க ஆயிர்ட்டோ. அவரை நீங்கள் வேறு வழியாகவும் கேட்டிருக்கக்கூடும்: அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 1991 ஆல்பம் ‘ப்ளானட் ட்ரம்’மில் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபேலாவும் வரும், கூடவே ஆயிர்ட்டோவும் அவர் மனைவி, பாடகி ஃப்ளோரா பூரிமும் உண்டு.

நடுநடுவே பிரேசிலே இல்லாத உருப்படி வருதே, அதெல்லாம் எதுக்கு?

‘டியானா’ சின்ன உருப்படி, மூன்று நிமிடம். ஆயிர்ட்டோ–ஃப்ளோரா தம்பதிக்கு அப்போது பிறந்திருந்த மகளின் பெயர் அது. ஒரு தாலாட்டை சாக்ஸபோனில் வாசித்துப் பரிசாகக் கொடுத்திருக்கிறார் ஷார்ட்டர். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’டில் அழகியும் அரக்கனும் மாறி மாறி வருகிறார்கள்: பியானோவில் முரட்டு ஃபங்க் அடி, உடனே நீளமான இளகிய மெட்டு. முதல் தடவை கேட்பவர் தலையாட்டுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

கடைசி உருப்படி ‘ஜோவானாஸ் தீம்’ 1974-ல் வந்த ‘டெத் விஷ்’ படத்துக்கு ஹான்காக் போட்ட இசையிலிருந்து எடுத்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு நிமிட ‘லீலியா’வுக்குப் பிறகு அது எனக்குச் சாப்பாட்டுக்குப் பின் வந்த இன்னொரு தட்டு போலத்தான் படும். நான் பல நேரம் ‘லீலியா’வோடு நிறுத்திவிடுவேன்.

அமெரிக்கக்காரங்க மெருகு போட்டு மில்ட்டனைக் கெடுத்துட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. ‘மீன்களின் அற்புதம்’ பாட்டை 1973 பதிவில் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். பழையதில் அறை இருட்டாக இருக்கிறது, ஆட்கள் மூச்சு விடுவது தெரிகிறது, ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பதிவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாம் பளிச்சென்று அதனதன் இடத்தில்.

ஆனால் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்பதை ஏற்க மாட்டேன். மில்ட்டனின் பாட்டுகளை ஆங்கிலமாக்கவில்லை, தலைப்புகள் மட்டும் சில ஆங்கிலத்தில். கார்டுகளை எளிமையாக்கவில்லை. அவருடைய டிரம்ஸ்காரரும் ஆர்கன்காரரும் கூடவே இருக்கிறார்கள். ஷார்ட்டர் தன் வழிக்கு அவரை இழுக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம். போனது கொஞ்சம் இருட்டு. வந்தது, அந்தக் கார்டுகளுக்குள் ஹான்காக் தேடிக் கண்டுபிடிக்கும் சந்துகள். ‘போன்ட்டா ஜி அரேயா’வில் எனக்கு இந்தப் பதிவுதான் மேல், ‘மீன்களின் அற்புத’த்தில் பழையதுதான் மேல். தீர்ப்பு அவ்வளவே.

இதனால அப்புறம் என்ன நடந்தது? யாராவது இதைப் பின்பற்றினாங்களா?

எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்க ஃபங்க் குழு 1977-ன் ‘ஆல் அண்ட் ஆல்’ ஆல்பத்தில் ‘போன்ட்டா ஜி அரேயா’ மெட்டை ஒரு நிமிடத்துக்குள் முடியும் இடைத்துண்டாகப் பாடியது. டிஸ்கோவுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் காதில் பையியா–மினாஸ் ரயில் ஒரு நிமிடம் ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். கிட்டார் கலைஞர் பாட் மெதீனி 1980களில் வார்த்தையில்லாக் குரலைத் தன் குழுவின் ஒரு வாத்தியமாகவே வைத்துக்கொண்டார். மில்ட்டன்மீது தனக்கிருக்கும் மதிப்பை அவர் மறைத்ததில்லை.

அமெரிக்கப் பாடகியும் பாஸ் கலைஞருமான எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங் 2008-ல் தன் பெயரிலான ஆல்பத்தை ‘போன்ட்டா ஜி அரேயா’வோடுதான் தொடங்கினார். 2024-ல், மில்ட்டனுக்கு 81 வயதில், இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆல்பமே கொண்டுவந்தார்கள். அதில் ஷார்ட்டரின் பாட்டு ஒன்றும் இருக்கிறது. மில்ட்டனின் குரல் அதில் உடைந்து, மணல் கலந்து வருகிறது. மேல்குரலைத் தேடிப் போகிற இடங்களில் எஸ்பெரான்ஸா பக்கத்திலேயே நின்றுகொள்கிறார்.

ஜாஸ் கேட்டதே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

முதல் உருப்படி, அப்புறம் நேராக ‘லீலியா’, அப்புறம் ‘ஆனா மரியா’. மூன்றும் பிடித்தால் முதலிலிருந்து முழுக்க. மொத்தமே முக்கால் மணி நேரம்தான். வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள், நழுவிவிடும். கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்டால் ஆயிர்ட்டோவைப் பாதி இழப்பீர்கள்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து?

மேலே பேர் வந்தவற்றில் ‘தெருமுனைச் சங்கம்’ கட்டாயம், பிறகு ‘மீன்களின் அற்புதம்’. அதற்கடுத்து மில்ட்டனின் 1975 ஆல்பம் ‘மினாஸ்’. மில்ட்டனின் ‘மி’யும் நாஸிமென்ட்டுவின் ‘நாஸ்’ஸும் சேர்ந்தால் அவர் வளர்ந்த மாநிலத்தின் பெயரே வருகிறது பாருங்கள். 1976-ன் ‘மில்ட்டன்’ ஆல்பத்தில் ஷார்ட்டரும் ஹான்காக்கும் திரும்ப வருகிறார்கள், இந்தத் தடவை அவர்கள் விருந்தாளிகள். பெண் குரல் வேண்டுமென்றால் ஃப்ளோரா பூரிமின் ‘பட்டர்ஃப்ளை ட்ரீம்ஸ்’, 1973 கடைசியில் பதிவானது.

போர்ச்சுகீசியம் தெரியாம கேட்டா பாதிதான் கிடைக்குமா?

வார்த்தை இல்லாத இடங்களில் நமக்கும் பிரேசில்காரருக்கும் ஒரே அளவுதான் கிடைக்கிறது, அங்கே நஷ்டம் இல்லை. ‘போன்ட்டா ஜி அரேயா’வில் அந்த முற்றுப்புள்ளிச் சிலேடை போய்விடும். கதை தெரிந்தால் ஈடுகட்டலாம், அதற்காகத்தான் மேலே அவ்வளவு நீளமாக எழுதினேன்.

கதை எதுவும் சொல்லாமல் ஒரு நண்பருக்கு முதல் பாட்டைப் போட்டேன். தெற்கே மீட்டர் கேஜ் பாதையை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர். அந்த மேல்குரல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், “இது என்ன, தூரத்துல ரயில் ஊதற மாதிரி இருக்கு?” என்றார். அத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இப்போது வேறு எப்படியும் கேட்க வரவில்லை.